சிவகாசி ஸ்திரீகளும் பிரசவ வைத்தியமும்

சிவகாசிப் பக்கத்தில் ஒரு பட்டாசுச் சாலை வெடித்துவிட்டால், மறுநாள் காலையில் இறந்தவர்களின் தொகை பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வெளிவருகிறது. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பலர் கருகி மாண்டார்கள். 2023 அக்டோபர் 17-ந் தேதி ரெங்கபாளையத்திலும், 2024 மே 9-ந் தேதி செங்கமலப்பட்டியிலும், 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டியிலும் அதே கோரம் மறுபடி மறுபடி நிகழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் மந்திரிகள் அநுதாபம் தெரிவிக்கிறார்கள். உதவித் தொகை அறிவிக்கப்படுகிறது. விசாரணைக்கு உத்தரவு பிறக்கிறது. படுகாயம் அடைந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று செய்தியின் கடைசி வரியில் கண்டிருக்கும். அந்த வரியோடு தேசத்தின் ஞாபகமும் முடிந்துவிடுகிறது.

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி வரியில் அடங்கியவர்களைப் பற்றி. அவர்களிலும் ஸ்திரீகளைப் பற்றி. இருபது, இருபத்தைந்து வயதில் தீயில் வெந்து, கை மடங்கியோ, கால் இழந்தோ, முதுகுத் தண்டு முறிந்தோ உயிர் பிழைத்த ஒருத்தி பின்பு கர்ப்பமுறுகிறாள். அல்லது இனிக் குழந்தை வேண்டாம் என்று நினைக்கிறாள். அல்லது ஸ்திரீகளுக்கு உண்டாகும் வியாதி ஒன்றால் வருந்துகிறாள். அவள் எந்த ஆஸ்பத்திரியின் வாசலில் போய் நிற்பாள்? நின்றால் அங்கே அவளுக்கு என்ன காத்திருக்கும்? இது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி, அரசியல் பத்திரிகையின் தலையங்கத்துக்கு ஏற்றதன்று என்று கருதும் நண்பர்கள் இருக்கலாம். 1927-ம் வருஷத்தில் சென்னைச் சட்டசபையில் முதல் ஸ்திரீ அங்கத்தினராக அமர்ந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அப்படிக் கருதவில்லை. அவர் பெயரால் நமது ராஜ்ய சர்க்கார் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் பெறுமான உதவி அளித்து வருகிறார்கள். தாய்மை பொதுக் காரியம் என்பதை இத்தமிழ்நாடு எப்பொழுதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தப் பொதுக் காரியத்தில் அங்கக் குறைவுடைய ஸ்திரீக்குப் பங்கு உண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வியை விருதுநகர் ஜில்லாவை முன்னிட்டுக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1920-க்குப் பிந்திய சில வருஷங்களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் அத்தொழில் வேரூன்றியது. அதிலிருந்து பட்டாசு பிறந்தது. இன்று பாரத தேசம் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இந்த ஜில்லாவில் உற்பத்தியாகிறது. திரி செருகுவது, சரம் பின்னுவது, காகிதக் குழாய் சுற்றுவது, பெட்டியில் அடுக்குவது ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் மிகப் பலர் பிள்ளை பெறும் வயதினர். மருந்து உராய்ந்து ஒரு பொறி எழுந்தால் முதலில் வேகிறவை அவர்களுடைய கையும் முகமும் மார்பும் தொடையுமே. மற்ற ஊர்களில் அங்கக் குறைவை ஊழ்வினை என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். இங்கே அது நாம் நடத்தும் தொழிலின் பலன். நாம் கொண்டாடும் பண்டிகையின் செலவில் ஒரு பகுதி. ஆகையால் இளம்பிள்ளை வாதத்தாலோ, பிறவியாலோ, ரஸ்தா விபத்தாலோ அங்கம் குறைந்த ஸ்திரீகளுக்கு மற்ற ஜில்லாக்களில் எந்தக் கடமை உண்டோ, அதே கடமை இங்கே இரட்டிப்பாகிறது.

சட்டம் இந்த ஸ்திரீயை எப்படிப் பார்த்து வந்திருக்கிறது என்பதை முதலில் கவனிப்போம். 1923-ம் வருஷத்தில் வெள்ளைக்கார சர்க்கார் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தை இயற்றினார்கள். அதில் ஓர் அட்டவணை உண்டு. இரண்டு கைகளும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு நூறு நஷ்டம். முகம் மிகக் கொடூரமாகச் சிதைந்தாலும் நூற்றுக்கு நூறு. விரல் போனால் இவ்வளவு, கட்டைவிரல் போனால் இவ்வளவு என்று உடம்பு முழுவதற்கும் அதிலே விலை போடப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்கும் முறை மாறவில்லை. கூலி சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதே இன்றும் அளவுகோல். நஷ்ட ஈடு கணக்கிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டியதுதான். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் தொடை இடுக்கில் தழும்பு இறுகிக் கால் அகலாமல் போனவளுக்கும், மார்பு கருகிக் குழந்தைக்குப் பாலூட்ட முடியாதவளுக்கும் அந்த அட்டவணையில் வரி இல்லை. தொழிற்சாலைக்கு அவள் இரண்டு கைகள். அந்தக் கைகளுக்கு மேற்பட்டு அவளிடத்தில் உள்ளவை நஷ்டமானால் அது யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆஸ்பத்திரியின் பார்வையோ வேறு விதமாகக் குறுகியது. அங்கே அவள் முதலில் ஒரு தீப்புண். புண் ஆறியபின் ஒரு சர்ட்டிபிகேட்டு. கை போன ஸ்திரீயின் கருப்பை போய்விடவில்லை என்ற எளிய உண்மை இடையிலே மறக்கப்படுகிறது. தோல் வெந்ததனால் கருத்தரிக்கும் சக்தி பொதுவாகக் கெடுவதில்லை. வயிற்றில் தழும்புள்ள ஸ்திரீகளும் தக்க கவனிப்பு இருந்தால் சுகமாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவர்களும் தாயாகிறார்கள். ஆனால் அந்தக் கவனிப்புக்கு முன்யோசனை வேண்டும். கழுத்துத் தழும்பு இறுகியவளுக்கு அவசரத்தில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. சுவாசக் குழாயைச் செலுத்துவதே கடினமாகும். முதுகு வெந்தவளுக்கு முதுகுத் தண்டில் ஊசி போட இடம் தேட வேண்டியிருக்கும். உணர்ச்சியற்றவளுக்கு வலி கண்டதே தெரியாமல் போகலாம். தண்டில் மேற்பாகத்தில் அடிபட்டிருந்தால் பிரசவ சமயத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி உயிருக்கே உலை வைக்கலாம். இவையெல்லாம் நிறை மாதத்தில் நள்ளிரவில் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதிகள் அல்ல. மூன்றாம் மாதத்திலேயே பிரசவ டாக்டரும், ரண சிகிச்சை டாக்டரும், மயக்க மருந்து டாக்டரும் ஒன்றாய் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டியவை.

டாக்டர்களின் யோசனைக்கு முந்தியே வழிமறிக்கும் சிறு பொருள்கள் சில உண்டு. பரிசோதனை மேஜை இடுப்பளவு உயரத்தில் அசையாமல் நிற்கிறது. கால் இல்லாதவள் அதில் ஏறுவதெப்படி? இரண்டு பேர் தூக்கிப் போடவேண்டும். அவர்கள் பெரும்பாலும் ஆண் சிப்பந்திகள். மாதந்தோறும் கர்ப்பிணியின் எடையைக் குறிக்க வேண்டும். நிற்க முடியாதவளை நிறுக்கும் தராசு எங்கே இருக்கிறது? இரண்டு கைகளும் வெந்து சுருங்கியவளுக்கு ரத்த அழுத்தப் பட்டையை எங்கே கட்டுவது? சக்கர நாற்காலி நுழையாத கக்கூசில் அவள் மூத்திரப் பரிசோதனைக்கு என்ன செய்வாள்? அமெரிக்காவில் இந்த மேஜை 17 அங்குலம் வரை தாழவேண்டும் என்று 2024-ம் வருஷத்தில் அளவு நிர்ணயித்தார்கள். பதினேழு அங்குலம் என்பது ராஜ தந்திரமும் அல்ல, பெரிய விஞ்ஞானமும் அல்ல. ஆயினும் அந்த அங்குலக் கணக்கினால்தான் ஒருத்தி பரிசோதிக்கப்படுவதும் பரிசோதிக்கப்படாமல் வீடு திரும்புவதும் தீர்மானமாகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடைபெறுகின்றன என்று பெருமை கொள்கிறோம், நியாயமான பெருமைதான். ஆஸ்பத்திரிக்குள் வந்து சேர்ந்த அங்கக் குறைவுடைய ஸ்திரீ எவ்வாறு நடத்தப்படுகிறாள் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

மேஜையைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று நமது மனத்தில் இருக்கிறது. "உனக்கு எதற்குக் குழந்தை?" என்ற கேள்வி அது. மாமியார் கேட்கிறாள், அண்டை வீட்டார் கேட்கிறார்கள், சில சமயம் வெள்ளுடை தரித்தவர்களும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் மணமான ஸ்திரீகளில் நூற்றுக்கு 58 பேர் அளவில் கர்ப்பத்தடைக்கு ரண சிகிச்சையையே கைக்கொண்டிருப்பதாக 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்ற இந்தப் பழக்கத்தில், அங்கக் குறைவுடையவளிடம் வேறு வழிகளைப் பற்றிப் பேசுவோர் யார்? நெடுநேரம் அசையாமல் இருப்பவளுக்குச் சிலவகை மாத்திரைகள் ரத்தக் கட்டியை உண்டாக்கலாம். வேறு சாதனங்கள் அவளுக்கு நன்கு பொருந்தலாம். இவற்றை எடுத்துச் சொல்லி, முடிவை அவளிடமே விடுவதுதான் வைத்திய தர்மம். "இவளுக்குப் பிள்ளை வேண்டாம்" என்று பிறர் முடிவு செய்யும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. ஜெர்மனியில் 1933-ம் வருஷத்தில் நாஜிகள் இயற்றிய சட்டம், பிறவிக் குருடரையும் செவிடரையும் கடுமையான அங்கக் குறைவோடு பிறந்தவரையும் பலவந்தமாக மலடாக்கிற்று. ஜப்பானில் 1948 முதல் 1996 வரை அமலில் இருந்த சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 25,000 பேர் மலடாக்கப்பட்டார்கள். அச்சட்டம் அரசியல் அமைப்புக்கு விரோதமானது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜூலையில்தான் தீர்ப்பளித்தது. நமது தேசத்திலும் 1994-ல் பூனா ஸஸூன் ஆஸ்பத்திரியில், சர்க்கார் விடுதியொன்றில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களின் கருப்பைகள் அகற்றப்பட்டு நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஹிட்லரின் கொடுமை எங்கே, நமது ஊர் மாமியாரின் கேள்வி எங்கே என்று சொல்லலாம். அளவில் மலையும் மடுவும்தான். ஆனால் ஒருத்தியின் உடம்பைப் பற்றிப் பிறர் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

இனி, நடப்பிலுள்ள சட்டத்தைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1-ந் தேதி ஏற்று உறுதி செய்தது. அதையொட்டி 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்து, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் 10-வது பிரிவு, குழந்தைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல்கள் இவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், இவர்களுடைய சுயேச்சையான, விஷயமறிந்த சம்மதம் இன்றி மலடாக்கும் சிகிச்சை எதுவும் செய்யலாகாது என்றும் சொல்கிறது. 25-வது பிரிவு, சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் எல்லாப் பாகங்களிலும் தடையின்றிச் சென்றுவர வசதி வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முதலிடம் தரவேண்டும் என்கிறது. ஸ்திரீகளின் இனப்பெருக்க சுகாதாரத்தைத் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அணுகுதல் வசதி பற்றிய விதிகள் வெறும் சிபாரிசாக இருக்கலாகாது, கட்டாய விதிகளாக இருக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர் 8-ந் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது புதிய வரம் அல்ல. சட்டப் புஸ்தகத்தில் உள்ள கடன்.

அந்தப் புஸ்தகத்திலும் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, திராவகம் வீசப்பட்டு முகம் சிதைந்தவர்களை 2016-ம் வருஷத்துச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வெடி மருந்தினால் முகம் சிதைந்தவர்களைச் சேர்க்கவில்லை. கை காலின் அசைவு குறைந்து, நூற்றுக்கு 40 என்ற அளவை எட்டினால்தான் சட்டத்தின் முக்கிய சலுகைகளுக்குரிய சர்ட்டிபிகேட்டு கிடைக்கும். முகச் சிதைவு நூற்றுக்கு நூறு நஷ்டம் என்று தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டதை, 2016-ம் வருஷத்துச் சட்டம் திராவகத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டு தீக்கு மறுப்பது என்ன நியாயம்? இதில் வெறும் சலுகை மட்டும் அடங்கியிருக்கவில்லை. 2021-ம் வருஷத்து விதிகளின்படி, பெரும் அங்கக் குறைவுடைய ஸ்திரீகள் 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு அருகராவர். அதற்கும் இந்தச் சட்டத்தின் அளவே அளவு.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆபத்தானது. அங்கக் குறைவுடைய ஸ்திரீயின் வெளிப்படையான சம்மதம் இன்றி அவளுடைய கர்ப்பத்தைக் கலைப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் என்று 92-வது பிரிவு விதிக்கிறது. மிக நல்லது. ஆனால் அதே மூச்சில், "கடுமையான" குறைவாக இருந்து, ஒரு டாக்டரின் அபிப்பிராயமும் பாதுகாவலரின் சம்மதமும் இருந்தால் குற்றமில்லை என்றும் சொல்லிவிடுகிறது. இந்த விலக்கில் கடுமை என்பதற்கு அளவு இல்லை. அங்கம் குறைந்த ஆனால் அறிவு தெளிந்த மேஜர் ஸ்திரீக்குப் பாதுகாவலர் யார்? கால் இல்லாத காரணத்தினால் ஒருத்தி தன் மனத்தை அறியமாட்டாளா? கருக்கலைப்புச் சட்டமோ, மேஜரான, மனத்தெளிவுள்ள எந்த ஸ்திரீக்கும் அவளுடைய சம்மதமே வேண்டும், பிறர் சம்மதம் வேண்டியதில்லை என்கிறது. கருத்தரிப்பதா, தரியாதிருப்பதா என்பது தனி மனித சுதந்திரத்தின் அம்சம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் தீர்ப்பளித்தது. அது மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணின் வழக்கு. அவளுக்கே அந்தச் சுதந்திரம் உண்டென்றால், உடலில் மட்டும் குறைவுடையவளுக்கு இல்லை என்று எவ்வாறு சொல்வது? இந்த விலக்கு வாசகம் நீக்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வளவு சிலருக்காக இத்தனை ஏற்பாடா, பணத்துக்கு எங்கே போவது என்று உத்தியோகஸ்தர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விக்குப் பதில் சொல்வோம். 2011-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அங்கக் குறைவுடையவர்கள் ஏறக்குறைய 11 லக்ஷத்து 80 ஆயிரம் பேர். இது சொற்பத் தொகை அல்ல. தவிர, இதே ஜில்லாவில் ஒரே ஒரு கர்ப்பிணியின் விஷயத்தில் என்ன நடந்தது என்பதை நினைவூட்டுகிறோம். 2018 டிசம்பரில் சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரத்த சோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. தேசமே திடுக்கிட்டது. ரத்த வங்கிகள் சோதனையிடப்பட்டன. மதுரை ஹைகோர்ட்டு 2019-ல் 25 லக்ஷம் ரூபாய் நஷ்ட ஈடு அளிக்க உத்தரவிட்டது. ஆஸ்பத்திரியில் செய்த பிழை வெளிச்சத்துக்கு வந்தால் சர்க்கார் இயந்திரம் ஓடத்தான் செய்கிறது. ஆஸ்பத்திரிக்கே வராமல் வீட்டு மூலையில் இருந்துவிடுபவளின் துன்பம் வெளிச்சத்துக்கு வருவதில்லை. வித்தியாசம் இவ்வளவே.

பணத்தைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வேண்டிய ஸ்தாபனங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. விருதுநகரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிவகாசியில் சர்க்கார் ஆஸ்பத்திரியும், தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் உள்ளன. 2021 ஆகஸ்டு முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். முடங்கியவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையும் செய்கிறார்கள். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கயிறுதான் வேண்டும்.

நமது யோசனைகள் இவை. விருதுநகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள், பிரசவ டாக்டர், ரண சிகிச்சை டாக்டர், மயக்க மருந்து டாக்டர், உடற்பயிற்சி நிபுணர் ஆகியோர் சேர்ந்து அங்கக் குறைவுடைய ஸ்திரீகளைப் பார்க்க வேண்டும். சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிகள் தங்களிடம் வருபவர்களை அந்நாளில் அங்கே அனுப்ப வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் தாழ்ந்து உயரும் மேஜை ஒன்றும், சக்கர நாற்காலியோடு நிறுக்கும் தராசு ஒன்றும், நாற்காலி நுழையும் கக்கூசு ஒன்றும் அமைய வேண்டும். கிராம சுகாதார நர்ஸ் கர்ப்பத்தைப் பதியும்போதே உடற்குறையையும் அதற்கு வேண்டிய உதவியையும் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு தேடிப் போகும் ஊழியர்களும் இதைப் பற்றி, கணவன் மாமியார் முன்னிலையில் அல்லாமல், அவளிடம் தனியே விசாரிக்க வேண்டும். தீப்புண் ஆறி வீடு திரும்பும் ஒவ்வொரு ஸ்திரீக்கும், கர்ப்பத்துக்கு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும், எந்தத் தழும்பை முன்னதாகவே ரண சிகிச்சையால் தளர்த்த வேண்டும் என்பது எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். அந்தச் சிகிச்சையின் செலவு, எந்தத் தொழிலில் அவள் வெந்தாளோ அந்தத் தொழிலின் மீதே விழ வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் காத்திருந்தால் போதாது. காரியகர்த்தர்களான நமது வாசகர்கள் செய்யக்கூடியவை பல. தேர்தல் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் தொண்டர்களுக்கு, எந்த வீட்டில் யார் முடங்கிக் கிடக்கிறார்கள் என்பது தெரியாததல்ல. கிராம சபையில் எழுந்து, நமது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பரிசோதனை மேஜை எவ்வளவு உயரம் என்று ஒருவர் கேட்டால், அதிகாரிகள் அளந்து பார்த்தே தீர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜில்லாக் கோர்ட்டு இருக்கிறது. இலவசச் சட்ட உதவியும் உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி ஸ்திரீ என்ற முறையிலும், அங்கக் குறைவுடையவர் என்ற முறையிலும், தொழிலாளி என்ற முறையிலும் இவளுக்கு அந்த உதவி உரியது. மூன்று வாசல்கள் திறந்திருந்தும் அவளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லை. அழைத்துச் செல்பவர்கள் ஒன்றை மறக்கலாகாது. எதைக் கேட்பது, எதை மறுப்பது என்று சொல்ல வேண்டியவள் அவள். உடன் செல்பவர்கள் அல்ல.

ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி, மாற்றுத் திறனாளிகள் என்ற கௌரவமான பெயரைச் சர்க்கார் சூட்டினார்கள். வரவேற்கிறோம். பெயர் உயர்ந்தது போதும். இனி மேஜை தாழட்டும். அடுத்த தீபாவளிக்குச் சிவகாசிச் சரத்துக்குத் தீ வைக்கும் தமிழன் ஒவ்வொருவனும், அதைப் பின்னிய கைகளுக்கு உரியவளிடம் தனக்குள்ள கடனை நினைப்பானாக. சுகாதார மந்திரியும் ஜில்லா கலெக்டரும் அதற்கு முன்பே நினைப்பார்களாக.